கையொப்பம் ஒருவருடையது, கணக்கு இன்னொருவருடையது: தமிழ்நாட்டு உதவிபெறும் கல்லூரிகளில் மானியத் திட்டப் பொறுப்புகள் உருவான வரலாறு

1854-இல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை தனியார் கல்விநிலையங்களுக்கு அரசு மானியம் தரலாம் என்று வகுத்தபோது, பணத்துக்கு யார் பொறுப்பு என்பதில் குழப்பம் இருக்கவில்லை. நிர்வாகம் வாங்கியது; அரசின் ஆய்வாளர் வந்து பார்த்தார். பின்னர் ஆசிரியர் சம்பளமே மானியத்தின் பெரும்பகுதியானது. உதவிபெறும் கல்லூரியின் அலுவலகமும் அந்த வேலைக்கு ஏற்றபடிதான் அமைந்தது. கண்காணிப்பாளரும் உதவியாளர்களும் சம்பளப் பட்டியல், கட்டண வசூல், பணிப்பதிவேடு ஆகியவற்றைப் பார்த்தார்கள். 1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டம் கல்லூரிக் குழுவையும் செயலரையும் பொறுப்பாளிகளாக்கியது. அலுவலகத்தின் அன்றாட வேலை மாறவில்லை. பிற்கால மானியங்கள் எல்லாம் இந்த அமைப்பின் மேல்தான் வந்து இறங்கின. ஒவ்வொரு மானியமும் புதிய கடமை ஒன்றைக் கொண்டுவந்தது, அதைச் செய்ய ஆள் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 1953-இல் தொடங்கி 1956-இல் சட்டபூர்வ அமைப்பானது. நூலகம், ஆய்வகம், விடுதி என்று அது கல்லூரிக்கே பணம் தந்தவரை முதல்வரின் கையொப்பம் போதுமானதாக இருந்தது. 1972-இல் அதன் சட்டம் திருத்தப்பட்டு, இன்று 12பி பிரிவு என்று அறியப்படும் மானியத் தகுதி நிபந்தனை வந்தது. அத்துடன் தகுதியை நிறுவும் கோப்பு ஒன்றைப் பேணும் வேலையும் சேர்ந்தது. 1970-களின் அறிவியல் மேம்பாட்டுத் திட்டமும் மானுடப் புலங்கள், சமூக அறிவியல் மேம்பாட்டுத் திட்டமும் பணத்தைத் துறைகள்வரை கொண்டுபோயின. துறைத்தலைவர் கொள்முதல் பார்க்கலானார். 1978-இல் தமிழ்நாட்டின் எட்டுக் கல்லூரிகள் தன்னாட்சி பெற்றபின் நிதிக்குழுவும் தேர்வுக் கட்டுப்பாட்டாளரும் வந்தனர். கட்டுப்பாட்டாளர் பொறுப்பையும் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவரே கூடுதலாக ஏற்றார். இந்தக் ‘கூடுதல் பொறுப்பு’ பின்வந்த எல்லாவற்றுக்கும் முன்மாதிரியாயிற்று.

உண்மையான திருப்பம் யு.ஜி.சி.யின் குறு, பெரு ஆய்வுத் திட்டங்களால் நேர்ந்தது. பணம் கல்லூரியின் பெயரில் வரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரோ முதன்மை ஆய்வாளரான ஆசிரியர். ஆய்வுப் பொருளைத் தேர்ந்தவரே விலைப்புள்ளிகள் வாங்கினார், ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தார், கருவி வந்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றினார். வேதிப்பொருள் தலைப்பில் மிஞ்சியதைப் பயணத் தலைப்பில் செலவிட முடியாது என்பதைத் தணிக்கையாளர் சொல்லித்தான் பலர் அறிந்தனர். முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் அடுத்த தவணை. வங்கிக் கணக்கில் சேர்ந்த வட்டியையும் அதில் காட்ட வேண்டும். இச்சான்றிதழுக்கான, பொது நிதி விதிகளின் 19-ஏ படிவம் 2017-க்குப் பின் 12-ஏ ஆனது. நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் சான்றிதழ் தர வேண்டும் என்ற கெடு அப்படியே நீடித்தது. அதில் முதல்வர் கையொப்பமிடுவார், பட்டயக் கணக்காளர் முத்திரை வைப்பார். எண்களை இரவில் உட்கார்ந்து சரிபார்த்தவர் பெயர் அதில் முதன்மை ஆய்வாளர் என்றுதான் இருக்கும், கணக்கர் என்று இராது.

இன்னொருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். திட்ட உதவியாளர் தொகுப்பூதியத்தில் வருவார்; களப்பணியோடு வவுச்சர் ஒட்டுவதும் அவர் தலையில் விழும். திட்டம் முடிந்ததும் போய்விடுவார். எந்தப் பில் எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற அறிவும் அவரோடு போய்விடும். அடுத்த திட்டத்தில் புதியவர் ஒருவர் முதலிலிருந்து கற்பார். கல்லூரிகளின் நிறுவன நினைவு இவ்வளவு மெலிந்திருப்பதற்கு ஆசிரியர்களின் அக்கறையின்மையைக் காரணமாகச் சொல்வது நியாயமல்ல.

1994-இல் கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்பு தோன்றியபின் பொறுப்பு மெல்ல மீண்டும் நிறுவனத்தை நோக்கி நகர்ந்தது. ஆய்வுத் திட்டங்களின் எண்ணிக்கையும் தொகையும் தரமதிப்பீட்டின் பகுதியாகவே, உள்தர உறுதி மையத்தின் ஒருங்கிணைப்பாளர் அவற்றைத் திரட்டத் தொடங்கினார். 2000-இல் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஃபிஸ்ட் திட்டம், 2008-இல் உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் கல்லூரித் திட்டம், 2013-இல் உயர்கல்விக்கான ரூசா திட்டம் என ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாசிரியர்கள் உருவாயினர். அவர்களும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களே.

பி.எஃப்.எம்.எஸ். என்னும் பொது நிதி மேலாண்மை இணையமுறை இந்த வரலாற்றில் ஒரு நல்ல உடைப்பு என்பேன். நிர்வாகி, பதிவிடுபவர், ஒப்புதல் தருபவர் என மூன்று பயனர்களை அது தனித்தனியே கேட்கிறது. பதிவிட்டவரே ஒப்புதல் தர இயலாதபடி வேலையைப் பிரிக்கிறது. கல்லூரிகள் முன்பு தாமாகச் செய்யாத பிரிவினை இது. ஆனால் பதிவிடுபவர் இருக்கையில் உட்கார ஆள் யார்? ஊதிய மானியக் காலத்து அலுவலகத்திடம் அதற்கு விடை இல்லை.

2017 மார்ச்சில் 12-ஆம் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்ததோடு திட்டக்கால மானியமுறையும் முடிந்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இன்று நிதிக்கான போட்டிக் களம். வலுவான அலுவலகமுள்ள பல்கலைக்கழகங்களோடு அதே களத்தில் நிற்கும் உதவிபெறும் கல்லூரிகள் ஒன்றைச் செய்யலாம்: ஆய்வுத் திட்டங்களோடு நிறுவனத்துக்கு வரும் மேற்செலவுத் தொகையைப் பொதுச் செலவில் கரைக்காமல், எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான, திட்டம் முடிந்தாலும் தொடரும் ஒரு கணக்கரை நியமிக்கலாம். கல்லூரிக் குழுக்கள் இதை அடுத்த கூட்டத்தின் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும்.