சீப்பு: நீர்வழிக் கதவின் பழைய பெயர்

கொச்சியின் தேவராவில் காயலைத் தொடும் தேவரா–பேரண்டூர் கால்வாய், வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் ஓடிப் பேரண்டூர்ப் புழையைச் சேர்கிறது. முன்பு சரக்கு வள்ளங்கள் போய்வந்த வழி அது. இந்தக் காயல் நாட்டில் கடல் ஏறினால் உப்பும் ஏறும். உப்பை நிறுத்தவேண்டும், வள்ளத்தை நிறுத்தக்கூடாது. இரண்டையும் செய்யும் அமைப்பை ஆங்கிலம் 'லாக்' என்கிறது. நாம் அதை 'நீர்ப்பூட்டு' என்று பெயர்த்துக்கொண்டோம். தேவராவுக்குத் தெற்கே, 1993-இல் தேசிய நீர்வழியான கொல்லம்–கோட்டப்புரம் தடத்தில், திருக்குன்னப்புழையில் நிற்கும் அதே அமைப்பை ஊரார் 'சீப்பு' என்கிறார்கள். அது மலையாளத்துக்கு மட்டும் உரிய சொல் அன்று. நாமும் ஆண்ட சொல்தான்.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக்காதை மதுரைக் கோட்டையின் பொறிகளை அடுக்கும்போது சீப்பையும் சொல்கிறது. கதவுக்கு வலுவாக உள்வாயிலில் நிலத்தில் விழும்படி விடும் மரம் என்பது உரை தரும் பொருள். மேலிருந்து இறங்கி வழியை அடைக்கும் மரம்: இதை நீருக்குக் கொண்டுபோனால் பொருள் மாறவில்லை, இடம்தான் மாறுகிறது. வாய்க்காலின் இருபுறமும் தூண். தூணில் வெட்டிய காடி. காடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும் பலகைகள். எதிரி நின்ற இடத்தில் உப்புநீர் நிற்கிறது. பூட்டு என்றாலோ சாவிதான் நினைவுக்கு வரும். இங்கே வேலை செய்வது சாவி அன்று, இறங்கி ஏறும் தடுப்பு.

சீப்பு என்றால் தலைவாரும் சீப்பும் வாழைச்சீப்பும்தானே என்று கேட்கலாம். பலகை வரிசையைச் சீப்பின் பல்லோடு ஒப்பிட்டு மூன்றையும் ஒரே வேரில் கட்ட ஆசை எழும். சான்றில்லாமல் அப்படிக் கட்டக்கூடாது. ஒரே ஒலியில் பல பொருள் நிற்பது தமிழுக்குப் புதிதல்ல. வாழைத்தாரை அறுப்பவர் யாரும் தலைவாரும் சீப்பை நினைத்துக் குழம்புவதில்லை. அடுத்த மறுப்பு வலுவானது: சீப்பு ஒற்றைத் தடுப்பு, லாக்குக்கோ இரு கதவும் நடுவே நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் அறையும் வேண்டும். உண்மைதான். ஆனால் திருக்குன்னப்புழையில் பொருள் வளர்ந்தபோது மக்கள் சொல்லை மாற்றவில்லை. சொல்லும் கூடவே வளர்ந்தது. வேறுபாடு காட்டவேண்டிய இடத்தில் 'இரட்டைச் சீப்பு' எனலாம். மதகு என்றால் போதாதா? மதகு நீரை விடும். படகை ஏற்றி இறக்காது.

சென்னையில் பக்கிங்காம் கால்வாயோரம் 'லாக் நகர்' இருக்கிறது. படகுப் போக்குவரத்து நின்றுபோனது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. அங்கு வாழ்பவர் பலருக்கும் அந்த 'லாக்' எதைக் குறித்தது என்று தெரியாமல் போகலாம். காயலோரத்திலோ பொருளோடு சேர்ந்து பெயரும் புழக்கத்தில் இருக்கிறது. புதுச்சொல் ஆக்குவதற்குமுன், பக்கத்து நாட்டார் காப்பாற்றி வைத்திருக்கும் நம் சொல்லைத் திரும்ப எடுத்து ஆள்வதே முறை.