இணைய அவதூறு: பெண் பத்திரிகையாளருக்குக் குடும்பமே முதல் துணை

2022 ஜனவரி 1 அன்று, 'புல்லி பாய்' என்ற செயலியில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்களை 'ஏலம்' எனப் போட்டு இழிவுபடுத்தினர். அவர்களில் ஒருவரான பத்திரிகையாளர் இஸ்மத் ஆரா உடனே டெல்லி காவல்துறையில் புகார் அளித்தார். சில நாட்களிலேயே கைதுகள் தொடங்கின. 2021 ஜூலையில் வந்த 'சுல்லி டீல்ஸ்' வழக்கிலும் அதன்பிறகே முதல் கைது நடந்தது.

ஐயப்பன்தாங்கலில் உள்ள நம் வீடுகளிலிருந்தும் பெண்பிள்ளைகள் ஊடகத்துறைக்குச் செல்லலாம். அவர்களுக்கு இப்படி நேர்ந்தால் "எழுதாதே" என்று தடுக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட், இணைப்பு, தேதி ஆகியவற்றைச் சேமிப்போம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்களுக்கெதிரான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு; அதில் புகார் செய்வோம். கண்டிப்பதற்காகக்கூட அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் பகிராதிருப்போம்.