பூஜ்யங்கள்

ஜேடர்பாளையத்தில் ராஜவாய்க்கால் பிரியும் இடத்துக்குச் சற்றுத் தள்ளிக் குடியிருக்கும் ஒரு அம்மாள், நான் வேலை பார்க்கும் வங்கிக்கு நகைக்கடனுக்காக வந்திருந்தார். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். பிறந்த ஊர் கேட்டதும் தயங்கினார். "மாத்தளைங்க தம்பி. ஆனா நாங்க தாயகம் திரும்பினவங்க." 1972இல் ஏழு வயதில் தலைமன்னாரில் கப்பலேறியவர். அதுவரை பார்த்தேயிராத ஒரு கரைக்கு ஒரு குழந்தை எப்படித் 'திரும்ப' முடியும்? சொல் அவருடையதல்ல, சர்க்காருடையது.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பவை எண்கள். சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்தெல்லாம் கங்காணிகள் திரட்டிச் சென்ற கூலிகளின் சந்ததி, 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மூலம் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. மறு ஆண்டு ஓட்டும் போயிற்று. 1952இல் அவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவருமில்லை. இலங்கையில் வாழ்பவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பது நேருவின் வாதம். நியாயமான வாதம்தான். அதனால் யாருக்கும் ஓட்டு கிடைத்துவிடவில்லை.

1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து, 1974இல், இந்திரா காந்தி காலத்தில் அதுவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாயிற்று. ஒரு லெட்ஜரில் இத்தனை பூஜ்யங்களைக் கண்டால் எங்கள் மேனேஜர் சந்தேகப்படுவார். மனிதர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பிறப்பதில்லை. தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமானைக்கூடக் கலந்துகொள்ளாமல் முடிந்த பாகப்பிரிவினை இது.

அங்கே 'கள்ளத்தோணி', இங்கே 'தாயகம் திரும்பியோர்'. வசைக்கும் உபசாரத்துக்கும் வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. 1969இல் அவர்களுக்கென்று ரெப்கோ வங்கிகூட ஏற்பட்டது (தொழில் அபிமானத்தில் சொல்கிறேன்). ஆனாலும், பிறந்து வளர்ந்த இடம் உனக்குச் சொந்தமில்லை என்பதில் இரண்டு சொற்களுக்கும் பேதமில்லை.

2003இல் தில்லி ஜனவரி 9ஐ வெளிநாடுவாழ் இந்தியர் தினமாகக் கொண்டாட ஆரம்பித்தது. அதே 2003இல்தான் இலங்கை, மிஞ்சிய நாடற்றவர்களுக்குச் சட்டம் போட்டுப் பிரஜாவுரிமை கொடுத்தது. நம் மேடைகளில் முன்னது அளவுக்குப் பின்னது பேசப்பட்டதில்லை. டாலரோடு வருகிறவன் பாரதமாதாவின் புதல்வன்; தகரப் பெட்டியோடு வந்தவன் புனர்வாழ்வுப் பிரச்னை.

எங்கள் கம்ப்யூட்டர் மாத்தளையை ஏற்கவில்லை. அந்த அம்மாளே வழி சொன்னார். "சேலம்னே போட்டுக்குங்க தம்பி. தாத்தா அங்கிருந்துதான் போனாருங்க."

சேலம் என்றே போட்டேன்.