சீதனக் காணியும் புருஷனின் கையெழுத்தும்

ரெக்ஸ்டேலில் நாங்கள் வேலை செய்யும் றெஸ்ரோறன்ற் குசினியில், இரவு கடை பூட்டிய பிறகுதான் ஊர்க்கதை தொடங்கும். ஒருநாள் எங்களோடு மரக்கறி வெட்டும் அக்கா தன் சீதன உறுதியின் பிரதியைக் கொண்டுவந்தா. யாழ்ப்பாணத்தில் நாலு பரப்புக் காணி. மகளின் படிப்புக்காக விற்கப் பார்த்தால், புருஷனின் கையெழுத்து வேண்டும் என்று நொத்தாரிசு சொல்லிவிட்டாராம். புருஷன் விட்டுப்போய் ஒன்பது வருஷம். எந்த நாட்டில் என்றும் தெரியாது.

"அப்பா எனக்குத் தந்த காணிக்கு அவற்றை கையெழுத்து ஏன்?"

படிப்பைப் பாதியில் விட்டுவந்த எங்களுக்கு உடனே பதில் தெரியவில்லை. தேடிப் படித்தோம்.

1706இல் ஒல்லாந்தத் தேசாதிபதி சீமன்ஸ் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுக்கச் சொன்னார். திசாவை கிளாஸ் ஈசாக்ஸ் 1707இல் எழுதி முடித்தார். தமிழில் பெயர்த்து 12 முதலியார்களிடம் காட்டி ஒப்புதல் பெற்றார்கள். பன்னிருவரும் ஆண்கள். அதுவே தேசவழமை. 1806இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றனர்.

தாயின் சீதனம் பெண் பிள்ளைகளுக்கு, தகப்பனின் முதுசம் ஆண் பிள்ளைகளுக்கு, தேடிய தேட்டம் எல்லோருக்கும் என்பது பழைய முறை. காலப்போக்கில் இந்தப் பிரிவினை கலங்கிவிட்டது என்று ஈசாக்ஸே எழுதுகிறார். இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்குத் தன் சொத்தில் முழு உரிமை 1882இல்தான் கிடைத்தது. எங்கள் பெண்களுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே காணி இருந்தது. ஆனால் ஆளும் அதிகாரம் புருஷனிடம் இருந்தது.

1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டம் இதை எழுத்தில் இறுக்கியது. மனைவி தன் காணியை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். புருஷன் தன் முதுசத்தை விற்க மனைவியைக் கேட்கத் தேவையில்லை. 1923இல் இலங்கையின் பொதுச் சட்டத்துக்குட்பட்ட பெண்களுக்கு இந்தக் கட்டு அவிழ்ந்தது. தேசவழமைப் பெண்களுக்கு அவிழவில்லை.

"நான் இப்ப கனடாச் சிற்றிசன் எல்லோ?" என்றா அக்கா. காணி எந்த நாட்டில் கிடக்கிறதோ அந்த நாட்டுச் சட்டமே அதற்குச் செல்லும். ஒன்ராறியோவின் 1986ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்திலும் குடியிருக்கும் வீட்டை விற்க மற்றவரின் சம்மதம் வேண்டும். ஆனால் அது இருவருக்கும் பொது.

வழி இல்லாமலில்லை. புருஷன் கைவிட்டுப் போனால், இருக்கும் இடம் தெரியாவிட்டால், நியாயமின்றி மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு அனுமதி பெறலாம் என்று அதே 1911ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மரணசாதனம் எழுதிக் காணியை மகளுக்கு விடுவதற்கோ எவருடைய சம்மதமும் தேவையில்லை.

அக்கா கொஞ்சநேரம் பேசாமல் இருந்தா. "அப்ப நான் செத்தால்தான் அது என்ரை காணி."

இப்போது ஊரிலுள்ள தம்பிக்கு அற்றோணித் தத்துவம் அனுப்பி, மனுப்போட ஆயத்தமாகிறா. மரணசாதனமும் எழுதப்போறா. இங்கே 2 சாட்சிகள் போதும். இலங்கையில் எழுதினால் நொத்தாரிசும் 2 சாட்சிகளும், நொத்தாரிசு இல்லையென்றால் 5 சாட்சிகள் வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெட்டிக்குள்ளும் ஓர் உறுதி மடிந்து கிடக்கும். புருஷனும் பெண்சாதியும் நல்லாயிருக்கும் காலத்திலேயே அதை எடுத்து ஒன்றாக இருந்து வாசியுங்கள்.