காத்திருக்கும் கணினி: தொடக்கத்தில் நின்றுபோகும் யூனிக்ஸ் சர்வரின் அரை நூற்றாண்டு

2012-ஆம் ஆண்டில் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்கள் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தன. பஞ்சாலைகளும் விசைத்தறிகளும் முடங்கியது பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. கோபிசெட்டிபாளையம் போன்ற ஊர்களில் அலுவலக மூலைகளில் ஓடிய சர்வர்களின் பாடு அதிகம் பேசப்படவில்லை. யூபிஎஸ் பேட்டரி தீர்ந்ததும் சர்வர் சட்டென்று அணையும். கரண்ட் வந்து பட்டனை அழுத்தினால் நாலு வரி ஓடும். பிறகு திரை அசையாது. “ஆன் ஆகுதுங்க, ஆனா பாதியில நின்னுக்குதுங்க” என்று பழுது பார்ப்பவரைக் கூப்பிடுவார்கள்.

இந்தக் கோளாறுக்கு யூனிக்ஸின் வயதே ஆகிறது. அதன் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: நின்றுபோன சர்வர்களில் பெரும்பாலானவை உடைந்தவை அல்ல, எதற்கோ காத்திருப்பவை. பொறியாளர்கள் ஒரு காத்திருப்பை ஒழித்தபோதெல்லாம் அது வேறோர் அடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது.

வட்டின் காலம்

கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பெல் ஆய்வகத்தில் 1969-இல் தொடங்கிய யூனிக்ஸ், சில ஆண்டுகளில் பிடிபி-11 கணினிக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கணினியின் முகப்பில் வரிசையாக விசைகள் இருந்தன. 1975-இல் வெளியான ஆறாம் பதிப்பில், அவற்றை 173030 என்ற எண்ம எண்ணுக்கு அமைத்தால் ‘இனிட்’ நிரல் மற்ற வேலைகளைத் தொடங்காமல், கன்சோலில் ஒரே ஒருவருக்கு மட்டும் ஷெல்லைத் திறந்துவிடும். இன்று ‘சிங்கிள் யூசர் மோட்’, ‘ரெஸ்க்யூ மோட்’ என்று நாம் தேடும் வழியின் பூர்வீகம் அந்த விசைப் பலகைதான்.

மின்சாரம் திடீரென நின்றால் வட்டில் கோப்புகளின் கணக்கு குழம்பும். அதைச் சரிபார்க்க முதலில் ‘ஐசெக்’, ‘டிசெக்’ எனத் தனித்தனி நிரல்கள் இருந்தன. இயக்குபவர் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துக் கைப்படத் திருத்த வேண்டும். டெட் கோவால்ஸ்கி எழுதிய ‘எஃப்எஸ்சிகே’ இவ்வேலைகளை ஒன்றாக்கியது. பெர்க்லியின் பிஎஸ்டி யூனிக்ஸ் அதைத் தொடக்கச் செயல்வரிசையிலேயே சேர்த்தது. சிறு குழப்பங்களை அது தானே சரிசெய்யும். பெரிதாக இருந்தால் தொடக்கத்தை நிறுத்தி, கையால் ஓட்டச் சொல்லும்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. லினக்ஸின் எக்ஸ்ட்2 கோப்பு முறைமையில், வட்டு பெரிதாகப் பெரிதாகச் சோதனையும் நீண்டது. அது முடியும்வரை திரை அசையாது. ஆள் பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்துவார். பாதியில் அறுந்த சோதனை குழப்பத்தை இன்னும் பெரிதாக்கும். 2001 நவம்பரில் லினக்ஸ் 2.4.15-உடன் வந்த எக்ஸ்ட்3, மாற்றங்களை முன்கூட்டியே ‘ஜர்னல்’ பகுதியில் குறித்துவைத்தது. மின்வெட்டுக்குப் பின் அந்தக் குறிப்பைப் படித்தாலே போதும் என்றானது.

வரிசையும் வலையமைப்பும்

1983-இல் ஏடி அண்ட் டி வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ் வழியில் ‘ரன் லெவல்’ முறை பரவியது. எஸ்10, எஸ்20 என்று எண்ணிட்ட ஸ்கிரிப்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். எளிய ஏற்பாடு, ஆனால் ஒன்று நின்றால் பின்னால் உள்ள அத்தனையும் நிற்கும். அதே பத்தாண்டில் சன் நிறுவனத்தின் என்எஃப்எஸ் வந்தது. ஒரு சர்வரின் கோப்பகத்தை இன்னொரு சர்வர் தன்னுடன் இணைத்து (‘மவுண்ட்’ செய்து) தன்னுடையதுபோல் பயன்படுத்தலாம். எதிர்முனை பதில் தராவிட்டால், ‘ஹார்ட் மவுண்ட்’ முடிவில்லாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டு சர்வர்கள் ஒன்றின் கோப்பகத்தை மற்றொன்று மவுண்ட் செய்திருக்கின்றன என்று கொள்வோம். மின்வெட்டு முடிந்து இரண்டும் ஒரே நேரத்தில் எழுகின்றன. கோப்பகம் கிடைக்காமல் முதலாவது நகராது. இரண்டாவதும் அதே நிலையில் நிற்கும். இரு இயந்திரங்களிலும் ஒரு பழுதும் இல்லை. ‘பிஜி’ என்ற இரண்டெழுத்து விருப்பத்தைச் சேர்த்தால், மவுண்ட் முயற்சி பின்னணிக்குப் போய்விடும், தொடக்கம் தொடரும்.

தமிழ்நாட்டில் லினக்ஸ் பரவிய காலமும் இந்த எண்ணிட்ட ஸ்கிரிப்டுகளின் காலம்தான். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்கியது. சி-டாக்கின் சென்னை மையம் 2007-இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. தமிழக அரசு நிறுவனமான எல்காட் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. அன்று இணைப்பு இல்லாத நேரத்தில் சர்வரை எழுப்பியவர்கள் மின்னஞ்சல் நிரலான ‘சென்ட்மெயில்’ வரியில் நீண்ட நேரம் நின்றிருப்பார்கள். தன் சொந்தப் பெயருக்கான முகவரியை அது டிஎன்எஸ்-இடம் கேட்டுக் காத்திருக்கும். ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் சர்வரின் பெயரை ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

தொண்ணூறு விநாடி

வரிசையில் நிற்கும் முறையை உடைக்கும் முயற்சிகள் 2005-இல் வேகமெடுத்தன. சோலாரிஸ் 10-இல் எஸ்எம்எஃப், மேக் ஓஎஸ் 10.4-இல் லாஞ்ச்டி, அடுத்த ஆண்டு உபுண்டுவில் அப்ஸ்டார்ட், 2010-இல் லெனார்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் அறிவித்த சிஸ்டம்டி என்று தொடர்ந்தன. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 (2014), டெபியன் 8 (2015) வழியாகச் சிஸ்டம்டி பெரும்பாலான சர்வர்களுக்கு வந்தது.

இப்போது நின்றுபோகும் சர்வர் பேசுகிறது. திரையில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடவலமாக ஓட, எந்தச் சாதனத்துக்காக எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்று ஒரு வரி எண்ணிக்கொண்டிருக்கும். இயல்பான எல்லை 90 விநாடி. மவுண்ட் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதிய பேக்கப் வட்டு ஒன்றைக் கழற்றி எடுத்துப்போயிருந்தால், அந்த 90 விநாடிக்குப் பின் சர்வர் அவசர நிலைக்குப் போய் ரூட் கடவுச்சொல் கேட்கும். அந்த வரியில் ‘நோஃபெயில்’ என்று சேர்த்திருந்தால் அதைத் தாண்டி எழுந்திருக்கும்.

காத்திருப்பு எவ்வளவு எதிர்பாராத இடத்துக்கு நகரும் என்பதற்கு 2019 சாட்சி. எக்ஸ்ட்4-இல் வட்டு வாசிப்பைக் குறைக்கும் நல்ல மாற்றம் ஒன்று லினக்ஸ் 5.3-க்காகச் சேர்க்கப்பட்டது. கெர்னல் தன் சமவாய்ப்பு எண்களுக்கான நிச்சயமின்மையை வட்டின் அசைவுகளிலிருந்தும் திரட்டிவந்தது. அசைவு குறைந்ததும் அந்த இருப்பு போதவில்லை. அந்த எண்களைக் கேட்ட நிரல்கள் தொடக்கத்திலேயே உறைந்தன. லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்று, செப்டம்பர் 15 அன்று 5.3-ஐ வெளியிட்டார். செயலியின் நேர நடுக்கத்திலிருந்தே நிச்சயமின்மையைத் திரட்டும் ஏற்பாடு 5.4-இல் வந்தது.

ஆகவே, சர்வர் நின்றால் முதலில் விசாரிக்க வேண்டியது வட்டு விளக்கு எரிகிறதா என்பது. எரிந்தால் சோதனை ஓடக்கூடும், பட்டனைத் தொடக் கூடாது. அடுத்தது, திரையின் கடைசி வரி யாருடைய பெயரைச் சொல்கிறது என்பது. எஃப்எஸ்டேப்பைத் திருத்தியவர்கள் மறுதொடக்கத்துக்கு முன்பே ‘மவுண்ட் -ஏ’ கட்டளையால் சோதித்துவிடலாம். இன்றே செய்துவைக்க வேண்டிய வேலையும் ஒன்று உண்டு: ‘வார்/லாக்/ஜர்னல்’ என்ற அடைவு சர்வரில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் முந்தைய தொடக்கத்தின் பதிவை ‘ஜர்னல்சிடிஎல் -பி -1’ காட்டும். இயல்பான அமைப்பில் அது இல்லாவிட்டால் அந்தப் பதிவு மறுதொடக்கத்தோடு அழிந்துவிடும்.