ஜான் நியூட்டனின் மனந்திரும்புதல்

ஜான் நியூட்டன் (1725–1807) அடிமைக் கப்பலின் கேப்டனாக இருந்து, பின்னாளில் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை இயற்றியவர். மனந்திரும்பியவர்களைப் பற்றிய பிரசங்கங்களில் இவர் பெயர் தவறாமல் வரும். புயலில் சிக்கினார், கடவுளைக் கூப்பிட்டார், அடிமை வணிகத்தை உதறினார், பாட்டெழுதினார் என்று கதையை நான்கே வரியில் முடித்துவிடுவார்கள். உண்மையில், புயலுக்கும் அவர் அந்த வணிகத்தை ஊரறியக் கண்டித்ததற்கும் இடையே 40 ஆண்டுகள் ஓடின.

லண்டனில் பிறந்த நியூட்டனுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர் தாய். மகனுக்கு ஏழு வயது நிறையுமுன்பே அவர் இறந்துபோனார். தந்தை கப்பல்காரர், மகனையும் சிறுவயதிலேயே கடலுக்கு அழைத்துச் சென்றார். 1744இல் நியூட்டனைக் கடற்படைக்குக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். தப்பியோடி, அகப்பட்டு, சவுக்கடி பட்டார். பிறகு மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்து, அங்கே பசியும் அவமானமும் கண்டார். அப்போதெல்லாம் கடவுளைப் பழிப்பதிலும் பிறருடைய விசுவாசத்தைக் குலைப்பதிலும் அவருக்கு ஒரு வெறியே இருந்தது.

1748 மார்ச்சில் ‘கிரேஹவுண்ட்’ என்ற கப்பலில் ஊர் திரும்பும்போது அட்லாண்டிக்கில் புயல் தாக்கியது. பக்கப் பலகைகள் பெயர்ந்தன. சரக்கில் தேன்மெழுகும் மரமும் இருந்ததால்தான் கப்பல் மிதந்தது. நீரை இறைத்துக்கொண்டிருந்தபோது தன்னையறியாமல் கடவுளின் இரக்கத்தை வேண்டியதாக நியூட்டன் பின்னர் எழுதினார். ஏப்ரலில் கப்பல் அயர்லாந்தில் கரை சேர்ந்தது. அந்த மார்ச் நாளை அவர் ஆயுள் முழுவதும் ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தார். ஆனால் முழுப் பொருளில் தாம் அன்றே விசுவாசியாகிவிட்டதாக அவரே கருதவில்லை.

மாற்றம் முதலில் அவர் நாவில் தெரிந்தது. தெய்வநிந்தனைப் பேச்சு நின்றது. தொழில் நிற்கவில்லை. 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் அடிமைக் கப்பலுக்குத் தலைமை தாங்கினார். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். அதே கப்பலின் அடித்தளத்தில் மனிதர்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகப்பட்டவர்களின் கட்டைவிரல்களைத் திருகுக் கருவியில் இறுக்கி விசாரித்ததை அவருடைய கப்பல் குறிப்பேடே பதிவு செய்கிறது. இதைப் பாசாங்கு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் துறைமுக நகரான லிவர்பூலில் அன்று அடிமை வணிகம் கௌரவமான பிழைப்பு. தேவாலயத்துக்குப் போகிற வணிகர்களே கப்பல் முதலாளிகளாகவும் இருந்தார்கள். நியூட்டன் கடலை விட்டதும் மனசாட்சி உறுத்தியதால் அல்ல. 1754இல் அடுத்த பயணத்துக்கு முன் திடீரென வலிப்பு போன்ற நோய் கண்டதால்தான்.

அதன்பின் லிவர்பூலில் சுங்க அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே கிரேக்கமும் எபிரேயமும் படித்தார். 1764இல் குருப்பட்டம் பெற்று, சரிகைப் பின்னலில் பிழைத்த ஏழைகள் நிறைந்த ஓல்னி என்ற சிற்றூரில் ஊழியத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு வெளியான அவருடைய தன்வரலாற்றுக் கடிதங்கள் பாவத்தைப் பற்றி நிறையப் பேசுகின்றன. அடிமை வணிகத்தை ஒரு பாவமாக எண்ணிப் பேசவில்லை. கவிஞர் வில்லியம் கூப்பருடன் சேர்ந்து வெளியிட்ட ‘ஓல்னி ஹிம்ஸ்’ (1779) தொகுப்பில்தான் ‘அமேசிங் கிரேஸ்’ அச்சேறியது. புயலின் நடுவே பிறந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பாடல், 1773 புத்தாண்டு வழிபாட்டுக்காக, தாவீதின் ஜெபம் ஒன்றை அடியொற்றி எழுதப்பட்டது. இன்று உலகமே பாடும் மெட்டு அமெரிக்காவில் 1835இல் அதனுடன் இணைந்தது.

1780இல் நியூட்டன் லண்டனில் உள்ள புனித மேரி வுல்நாத் ஆலயத்துக்கு மாறினார். 1785இல் இளம் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் இரகசியமாக அவரைத் தேடி வந்தார். புதிதாக விசுவாசத்துக்குள் வந்திருந்த அவர், அரசியலை விட்டுவிடலாமா என்ற குழப்பத்தில் இருந்தார். விட வேண்டாம் என்றார் நியூட்டன். வில்பர்ஃபோர்ஸும் இணைந்த அடிமை வணிக ஒழிப்பு இயக்கம் வலுப்பெற்றபோது, 1788இல், ஆப்பிரிக்க அடிமை வணிகம் பற்றிய தம் சிறுநூலை அவர் வெளியிட்டார். காலம் கடந்த அறிக்கை என்பதை மறைக்காமல், தாமே முன்னின்று செய்தவற்றை அதில் ஒப்புக்கொண்டார். அரசின் விசாரணையில் சாட்சியும் சொன்னார். கப்பலின் உள்ளே நடப்பதைக் கண்ணால் கண்ட ஒரு கேப்டனின் சொல்லுக்கு, ஒழிப்பாளர்களின் அறவாதங்களுக்கு இல்லாத எடை இருந்தது.

1807 மார்ச்சில் பிரித்தானிய நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று நியூட்டன் இறந்தார். தம் கல்லறை வாசகத்தை அவரே எழுதிவைத்திருந்தார். ஒரு காலத்தில் தாம் அவிசுவாசி, ஒழுக்கங்கெட்டவன், ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியனாய் இருந்தவன் என்று அதில் சொல்கிறார். அடிமைக் கப்பலின் கேப்டனாக இருந்ததைச் சொல்லவில்லை.