1,959 முறையீடுகள்

பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மேற்கே சென்று வாழும் தமிழ் மக்களுக்கு அம்மண்ணின் பழைய கதையொன்றை நினைவூட்ட விரும்புகிறோம். 1956 வரையில் பாலக்காடு, சென்னை ஆட்சிக்குட்பட்ட மலபார் ஜில்லாவில் இருந்தது. ஆகவே 1855-இல் சென்னையில் வெளியான சித்திரவதை விசாரணை அறிக்கை அவ்வூரின் சரித்திரத்தையும் சேர்ந்ததாகும்.

அக்காலத்தில் வரி தண்டுவதும் திருடனைப் பிடிப்பதும் தாசில்தார் ஒருவர் கையிலேயே இருந்தன. கிஸ்தி கட்டாத குடியானவனும் களவுக் குற்றம் சாட்டப்பெற்றவனும் ஒரே கொடுமைக்கு ஆளாயினர். விரல்களை மரத்துண்டுகளுக்கிடையே வைத்து நெரிப்பது ‘கிட்டி’. உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி நிறுத்துவது ‘அண்ணாந்தாள்’. அடிபட்டவன் முறையிட வேண்டிய இடமோ அதே கச்சேரி!

1854-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் இது குறித்து விவாதம் எழவே, சென்னை அரசாங்கம் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரை விசாரிக்க நியமித்தது. வந்த முறையீடுகள் 1,959. அவற்றுள் 519 பேர் நேரில் வந்து கூறியவை, ஏனையவை கடிதங்கள். தென்னாட்டில் ரயில் ஓடத் தொடங்கியது 1856-இல் என்பதை எண்ணிப் பார்த்தால், அவர்கள் பட்ட சிரமம் விளங்கும்.

கொடுமை நிகழ்ந்தது உண்மையென்று குழு ஒப்புக்கொண்டது. ஆயினும் பழியைக் கீழ்ச்சிப்பந்திகள் மீது சுமத்தி, ஐரோப்பிய அதிகாரிகளை விடுவித்தது. அம்முடிவை நாம் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. வரியை விதித்தவர்கள் அவர்களே அல்லவா? எனினும் பலன் விளைந்தது. 1859-ஆம் ஆண்டுச் சட்டம் போலீசை வரி வசூலினின்றும் பிரித்தது. போலீஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பெற்றவருக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2023-இல் இயற்றப்பெற்ற புதிய சட்டத்திலும் அவ்விதி நிலைத்திருக்கிறது.

தேவிகுளம், பீருமேடு மலைகள் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தமையால், அவ்விசாரணை அங்கே எட்டவில்லை. இன்று அம்மலைகள் அடங்கிய இடுக்கிக்கும் பாலக்காட்டுக்கும் சட்டம் ஒன்றே. பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் சுப்ரீம் கோர்ட்டு இட்ட கட்டளையைத் தொடர்ந்து, 2011-ஆம் ஆண்டுக் கேரளப் போலீஸ் சட்டம் மாநிலத்துக்கும் ஜில்லாக்களுக்கும் புகார் ஆணையங்களை வகுத்தது. தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது.

அச்சத்தால் எழுதப்பெறாத முறையீடு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அன்று 1,959 என்ற எண்ணை உண்டாக்கியவர்கள், பெரும்பாலும் பெயர் மறைந்துபோன எளிய குடிமக்களே. எழுதத் தயங்கும் எவரும் அவர்களை ஒருமுறை நினைத்துக்கொள்வது நன்று.